மைல்கல்லும் வேற்றுமை உருபும்: உரோமப் பிரித்தானியாவின் வழிக்கற்களைப் படிக்கும் முறை பற்றி

உரோமப் பேரரசின் மாகாணக் கல்வெட்டுக்களைத் தொகுத்த அறிஞர்கள் மைல்கற்களைப் பெரும்பாலும் நூலின் கடைக்கோடியிலேயே வைத்தனர். பிரித்தானியக் கல்வெட்டுத் தொகுதியும் இதற்கு விலக்கன்று. கொலிங்வுட், ரைட் என்னும் இருவர் பெயராலும் 1965ஆம் ஆண்டில் வெளிவந்த அதன் முதலாம் தொகுதியிலே பலிபீடங்கள், கல்லறைக் கற்கள், கட்டடக் கற்கள் யாவும் ஊர் ஊராக முடிந்த பின்னரே வழியோரக் கற்கள் இடம்பெறுகின்றன. அவை எண்ணிக்கையில் ஏறத்தாழ நூறு. ஒரே வகைப் பட்டங்கள், ஒரே வகைச் சுருக்கெழுத்துக்கள், பாதி உடைந்த வரிகள் என அப்பக்கங்கள் வாசகனைச் சலிப்படையச் செய்வன. இக்கற்களைப் பற்றிய வரலாற்றெழுத்தும் நெடுங்காலம் அச்சலிப்பின் வழியே சென்றுள்ளது. கல்லிலே பேரரசன் பெயர் உள்ளதா? அப்பெயரிலிருந்து ஆண்டினைக் கணித்துக்கொள்ளலாம். ஆண்டு கிடைத்துவிட்டதா? அவ்வாண்டில் அவ்வீதி அமைக்கப்பட்டது அல்லது திருத்தப்பட்டது என எழுதிவிடலாம். இவ்வளவுடன் கல்லின் பணி முடிந்துவிடுகிறது.

இம்முறை போதியதன்று என்பதே இக்கட்டுரையின் வாதம். மைல்கல் ஆண்டினை அறிவிக்கும் முத்திரை மட்டுமன்று. அது ஒரு வாக்கியம். ஒரு வாக்கியத்தில் எழுவாய் எது, அது எவரை நோக்கிக் கூறப்படுகிறது, பயனிலை உளதா இலதா என்ற வினாக்களை எழுப்பாது அதன் பொருளை உரைக்க முற்படுதல் இலக்கணமறியாதவன் உரையெழுதப் புகுந்தது போலாகும். மெய்க்கீர்த்திகளிலிருந்து வரலாற்றை எடுப்பதில் உள்ள இடர்ப்பாடுகளை நன்கறிந்த நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

முதலில், ஓரளவு முழுமையாகக் கிடைத்த ஒரு கல்லை நோக்குவோம். வேல்ஸ் நாட்டின் வடகரையில் லான்வைர்வெக்கன் என்னும் ஊருக்கு அருகே 1883ஆம் ஆண்டிற் கண்டெடுக்கப்பட்டு, பின்னர் பிரித்தானிய அரும்பொருட்சாலையைச் சேர்ந்த உருளைக்கல் அது. ஹேட்ரியனுடைய பெயரும் பட்டங்களும் முதலில் வருகின்றன. அவன் தலைமைக் குரு, மக்கள் தீர்ப்பாளர் அதிகாரத்தை ஐந்தாம் முறையாகக் கொண்டவன், நாட்டின் தந்தை, மும்முறை கொன்சல் பதவி வகித்தவன். இவற்றின் பின், கனோவியத்திலிருந்து எட்டு மைல் என்ற செய்தி வருகிறது. கனோவியம் என்பது கொன்வி ஆற்றுப் பள்ளத்தாக்கிலே இன்று காரூன் எனப்படும் இடத்திலிருந்த கோட்டை. உரோம மைல் ஆயிரம் இரட்டையடிகளைக் கொண்டது. இன்றைய அளவில் ஏறத்தாழ 1480 மீற்றர்.

இக்கல்லில் மூன்று எண்கள் உள்ளன என்பது மனங்கொள்ளத்தக்கது. ஐந்து, மூன்று, எட்டு. முதலிரண்டும் காலத்தை அளப்பன. மூன்றாவது இடத்தை அளப்பது. ஐந்தாம் தீர்ப்பாளர் ஆண்டு என்பதனால் கி.பி. 120 இறுதிக்கும் 121 இறுதிக்கும் இடைப்பட்ட காலம் எனத் துணியலாம். பேரரசனது பெயர் எழுவாய் வேற்றுமையில் நிற்கிறது. பயனிலை கூறப்படவில்லையாயினும் அது தொக்கி நிற்பதாகக் கொள்ளலாம்: ஹேட்ரியன் இதனை நிறுவினான். மேற்பகுதியிற் பேரரசும் அடியில் உள்ளூரும், இடையே அவற்றைப் பிணைக்கும் ஒரு வீதியும் உள்ள இவ்வமைப்பை மைல்கல்லின் முழு வடிவம் எனலாம். இவ்வடிவம் பின்னர் எவ்வாறு சிதைந்தது என்பதே நமது ஆராய்ச்சிக்குரியது.

மேலே செல்லுமுன் ஒரு சிறு செய்தி. 'நாட்டின் தந்தை' என்ற பட்டத்தை ஹேட்ரியன் முறைப்படி ஏற்றது 128ஆம் ஆண்டில். அதற்கு ஏழெட்டு ஆண்டுகள் முன்னரே வேல்ஸ் நாட்டுக் கல் அதனை அவனுக்குச் சூட்டிவிட்டது. லெஸ்ரர் நகருக்கு அருகே தர்மஸ்ரனில் 1771இற் கிடைத்த கல்லும் அவ்வாறே. அது நான்காம் தீர்ப்பாளர் ஆண்டுக்குரியது. ராற்றேயிலிருந்து, அதாவது லெஸ்ரரிலிருந்து, இரண்டு மைல் எனக் கூறுவது. இரண்டு கற்களும் ஹேட்ரியன் 122இற் பிரித்தானியாவுக்கு வருவதற்கு முன்னர் நடப்பட்டவை. பேரரசன் தானே கொள்ளாத பட்டத்தை மாகாணத்தார் அவனுக்கு அளிக்கும்போது, கல்லிலே பேசுவது உண்மையிற் பேரரசனா என்ற ஐயம் எழுவாய் வேற்றுமைக் காலத்திலேயே தோன்றிவிடுகிறது. வடிவத்தில் எழுவாய் அவனே, வாய் பிறருடையது.

எழுவாய் வேற்றுமையின் வலிமையை ஐயமின்றி உணரவேண்டின் பேரரசின் மற்றொரு கோடியை ஒரு கணம் நோக்கலாம். சின்னாசியாவிலே பிசிடியா மலைநாட்டை ஊடறுத்துச் சென்ற செபஸ்தே வீதியின் மைல்கற்கள் கி.மு. 6ஆம் ஆண்டுக்குரியவை. அகஸ்தஸ், தன் ஆளுநன் கொர்னூத்தஸ் அக்குயிலாவின் மேற்பார்வையில், செபஸ்தே வீதியைச் செய்தான் என அவை கூறும். எழுவாய் உண்டு, செயப்படுபொருள் உண்டு, வினைமுற்று உண்டு. ஆளுநன் பெயரும் அதிகாரமும்கூட உண்டு. புதிதாக அடக்கப்பட்ட நாட்டிற் குடியேற்றப்பட்ட முன்னாட் படைவீரர் குடியிருப்புக்களை இணைத்த வீதி அது. அங்கே கல் கூறுவதும் வீதி செய்வதும் ஒன்றே. சின்னாசியாவின் மைல்கற்களைப் பல்லாண்டு தேடித் தொகுத்த டேவிட் பிரெஞ்சின் பட்டியல்களிலே இத்தகைய கற்களையும் பிற்காலக் கற்களையும் அடுத்தடுத்துப் படிப்பவர் இவ்விரண்டும் ஒரே இலக்கிய வகையைச் சேர்ந்தவைதாமா என வியப்பர்.

மீண்டும் பிரித்தானியாவுக்கு வருவோம். அங்கு கிடைத்த எழுத்துடைக் கற்களிற் பெரும்பாலானவை 3ஆம் நூற்றாண்டையும் 4ஆம் நூற்றாண்டின் முற்பகுதியையும் சேர்ந்தவை. இவற்றிலே பேரரசன் பெயர் எழுவாயாக நிற்பது அருகி, 'ஓ' என்னும் ஈற்றைப் பெறுவது வழக்காகிறது. விக்ரோரினஸ் என்பது விக்ரோரினோ என்றும் கரௌசியஸ் என்பது கரௌசியோ என்றும் வரும். இதனை நான்காம் வேற்றுமையாகக் கொண்டால் 'விக்ரோரினஸுக்கு' என்பது பொருள். அப்பொழுது கல்லை நிறுவியவன் பேரரசனல்லன். அவனுக்குக் கல்லைக் காணிக்கையாக்கியவர் வேறொருவர். கொடுப்பவன் கொள்பவனாகிவிடுகிறான். தமிழில் ஒரு குவ்வுருபு செய்யும் வேலையை அங்கு ஓர் உயிரெழுத்துச் செய்கிறது.

அந்த வேறொருவர் யார் என்பதை மிகச் சில கற்களே வெளிப்படையாகக் கூறுகின்றன. ஹெரவட் நகரின் அருகே கென்செஸ்ரரில் 18ஆம் நூற்றாண்டின் இறுதியிற் கிடைத்த கல் 283, 284ஆம் ஆண்டுகளில் ஆண்ட நுமேரியானுக்குரியது. அதன் இறுதி வரியில் நான்கு தனியெழுத்துக்கள் மட்டும் உள. அவற்றை 'டொபுன்னியர் சமுதாயத்தின் பொதுவரசு' என விரிப்பர். டொபுன்னியர் உரோமர் வருகைக்கு முன்பிருந்தே செவேண் ஆற்றுப் பகுதியில் வாழ்ந்த குடியினர். கல்லை நட்டவர்கள் தம்மை நான்கு எழுத்துக்களுக்குள் ஒடுக்கிக்கொண்டு, பேரரசனுக்கு எஞ்சிய இடம் முழுவதையும் விட்டனர். ஆயின் அவன் பெயரைப் பிழையாக நுமோரியான் என வெட்டினர். தாம் காணிக்கை செலுத்துபவனது பெயரைச் செவ்வையாக அறியாத இடத்தில் அக்காணிக்கை எத்தகையது என்பதை ஊகிப்பது அரிதன்று.

வடக்கிலே புரூம் கோட்டைக்கு அருகில் 1964ஆம் ஆண்டிற் கிடைத்த கல் இதனினும் பயன் மிக்கது. செவரஸ் அலெக்சாந்தரின் ஆட்சித் தொடக்கத்திற்கு, 222 அல்லது 223ஆம் ஆண்டுக்கு உரிய அது, கார்வெற்றியர் சமுதாயத்தின் பெயரையும் லுகுவாலியத்திலிருந்து 19 மைல் என்ற தொலைவையும் தருகிறது. லுகுவாலியம் இன்றைய கார்லைல். கார்வெற்றியர் என்றொரு தன்னாட்சிச் சமுதாயம் இருந்ததென்பது அதுவரை பழைய பென்றித்திற் கிடைத்த ஒரு கல்லறைக் கல்லாலேயே தெளிவாக அறியப்பட்டிருந்தது. ஒரு முழுச் சமுதாயத்தின் அரசியல் இருப்புக்கு இரண்டாவது சான்று வீதியோரத்துக் கல்லிலிருந்தே கிடைத்தது. அக்கல்லைக் கண்டோர் அதனை 'அலெக்சாந்தர் காலத்து வீதித் திருத்தம்' எனக் குறித்துவிட்டு அப்பாற் சென்றிருப்பாராயின் எவ்வளவு இழந்திருப்போம்!

இங்கு ஓர் இலக்கணத் தடை எழுகிறது. அதனைத் தாண்டாது செல்லுதல் நேர்மையன்று. இலத்தீன் மொழியில் இவ்வகைப் பெயர்களுக்கு நான்காம் வேற்றுமையும், நீங்கற் பொருளும் காலப் பொருளும் தரும் மற்றொரு வேற்றுமையும் ஒரே ஈற்றைக் கொள்வன. ஆதலால் 'விக்ரோரினோ' என்பது 'விக்ரோரினஸுக்கு' எனவும் பொருள்படும். 'விக்ரோரினஸ் ஆளுங் காலத்தில்' எனவும் பொருள்படும். முன்னையது வணக்கம், பின்னையது காலக்குறிப்பு. வேறு வகைப் பெயர்களில் ஈறுகள் வேறுபடும். ஆயின் அச்சொற்களைக் கல்வெட்டாளர் பெரும்பாலும் சுருக்கியே எழுதினர். சீசர் என்ற சொல்லின் ஈற்றைக் கண்டால் ஐயம் தீரும். கல்லிலோ அதன் முதல் நான்கெழுத்துக்களே உள. 'பாக்கியமுடைய' என்னும் அடைமொழி முழுவதும் எழுதப்பட்டிருந்தாலும் பயனில்லை. அதன் ஈறும் இருபொருட்கும் பொதுவானது.

இவ்விரு பொருளிற் எதனைக் கொள்வது? வரலாற்றாசிரியர் இதனை ஒரு குறையாகக் கருதி, ஏதேனும் ஒன்றைத் தெரிந்துகொண்டு செல்வர். இக்கட்டுரையாசிரியன் கருத்தில் அவ்விருபொருண்மையே இக்கற்களின் தன்மையைக் காட்டுவது. கல்லை நட்ட ஊர்ச்சபை, பேரரசனுக்கு ஒரு காணிக்கை வைக்கிறோம் என எண்ணியதா, அன்றி இன்னார் ஆட்சியில் இது நிற்கிறது எனக் குறித்ததா என்ற வினாவுக்கு அச்சபையே தெளிவான விடை கூறியிராது. வெட்டுபவனுக்கு முன்னர் ஒரு வாய்பாடு இருந்தது. ஆள்பவன் பெயரை அதில் இட்டால் போதும். பதிப்பாசிரியர்களிடம் நாம் குறைகூறவேண்டியது இவ்விடத்திலேதான். சுருக்கெழுத்துக்களை அடைப்புக்குறிகளுக்குள் விரித்து அச்சிடும்போது அவர்கள் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வேற்றுமை ஈற்றை வழங்கிவிடுகின்றனர். பின்வருவோர் பெரும்பாலும் விரித்த வடிவத்தையே படிக்கின்றனர். கல்லிலிருந்த மௌனம் அச்சிற் பேச்சாகிவிடுகிறது. 2009இல் வெளிவந்த மூன்றாம் தொகுதி புகைப்படங்களையும் வரைபடங்களையும் மிகுதியாகத் தந்து இக்குறையை ஓரளவு தணித்துள்ளது. ஆயினும் விரித்தெழுதும் மரபு தொடர்கிறது.

எண்களை மீண்டும் எண்ணிப் பார்ப்போம். லிங்கன் நகரின் நடுவே 1879இற் கிடைத்த கல் விக்ரோரினஸுக்கு உரியது. கோல் நாட்டையும் பிரித்தானியாவையும் உரோமிலிருந்து பிரித்து ஆண்ட தனியரசின் மன்னருள் ஒருவனாகிய அவன் ஆண்டது 269 முதல் 271 வரை. கல்லிலே தலைமைக் குரு, தீர்ப்பாளர் அதிகாரமுடையவன், நாட்டின் தந்தை என்ற பட்டங்கள் வருகின்றன. ஆயின் எத்தனையாவது முறை என்ற எண் எதற்கும் இல்லை. லிண்டத்திலிருந்து செகெலோக்கத்துக்குப் பதினான்கு மைல் என்ற ஓர் எண்ணே எஞ்சியுள்ளது. மூன்றாயிருந்த எண் ஒன்றாகிவிட்டது. எண் இருந்த இடத்தை அடைமொழிகள் பிடித்துக்கொண்டன: அறப்பற்றுடையோன், பாக்கியமுடையோன், வெல்லப்படாதோன். ஆண்டுக்கணக்கு ஒரு நிருவாகத்தின் நினைவு. அடைமொழிக்கு நினைவு வேண்டியதில்லை. 4ஆம் நூற்றாண்டிற் பேரரசெங்கும் பரவிய 'பொதுநாட்டின் நலத்திற்காகப் பிறந்தோன்' என்ற தொடரில் இப்போக்கு முற்றுப்பெறுகிறது.

இனி, 'பெயர் உள்ளதாயின் திருத்தம் நிகழ்ந்தது' என்ற பழைய கொள்கையை நேரே நோக்குவோம். 276ஆம் ஆண்டிற் ஃபுளோரியான் என்பவன் மூன்று மாதங்களுக்கும் குறைவாகவே ஆண்டான். அவன் ஆட்சி சின்னாசியாவிற் தொடங்கி அங்கேயே கொலையில் முடிந்தது. வட பிரித்தானியாவில் அவன் பெயரிலும் ஒரு மைல்கல் உண்டு. அவன் முடிசூடிய செய்தி கடல் கடந்து வந்து சேரவே அம்மூன்று மாதங்களிற் பெரும்பகுதி கழிந்திருக்கும். எஞ்சிய நாட்களில் வீதியைத் திருத்தினான் எனக் கொள்வது வரலாற்றன்று, வாய்பாட்டுக்கு அடிமையாதலே.

ஹேட்ரியன் மதிலுக்குத் தெற்கே செல்லும் ஸ்ரேன்கேற் வீதியிற் கிரிண்டில்டைக்ஸ் என்னுமிடத்தில் 1885ஆம் ஆண்டில் ஒரே இடத்திலிருந்து பல மைல்கற்கள் கிடைத்தன. செவரஸ் அலெக்சாந்தர் முதலாகக் கொன்ஸ்தந்தைன் ஈறாகப் பல ஆட்சிகளுக்கு உரியவை அவை. ஒரே மைலைக் குறிக்க ஒரு கல் போதும். அடுத்த ஆட்சி வந்தபோது பழைய கல்லை அகற்றாது அருகிலே புதியது நட்டார்களாயின், அக்கல் வழிப்போக்கனுக்குத் தொலைவை உணர்த்த நடப்பட்டதன்று. ஆட்சிமாற்றத்தைத் தாம் அறிந்துகொண்டோம், ஏற்றுக்கொண்டோம் என மேலிடத்துக்கு உணர்த்த நடப்பட்டதே. வீதியை அதிகாரிகளும் படையினரும் பயன்படுத்தினர். ஆதலால் அவ்வேற்பு வீதியோரத்தில் நிற்பதே பொருத்தமாயிற்று.

கோண்வால் தீபகற்பம் இதனை இன்னும் தெளிவாக்குகிறது. இங்கிலாந்தின் அத்தென்மேற்குக் கோடியில் ஐந்து மைல்கற்கள் கிடைத்துள்ளன. கோர்டியன், கல்லஸ் தன் மகன் வொலுசியானுடன், பொஸ்துமஸ், கொன்ஸ்தந்தைன், லிசினியஸ் ஆகியோர் பெயர்களை அவை தாங்குவன. அங்கு கல் பாவிய உரோம வீதிகள் இருந்தமைக்கு உறுதியான தடயங்கள் மிகக் குறைவு. வெள்ளீயச் சுரங்கங்களின் பொருட்டு 3ஆம் நூற்றாண்டில் அரசின் கவனம் அப்பக்கம் திரும்பியது எனக் கூறுவோர் உளர். அது பொருந்தக்கூடிய விளக்கமே. ஆயினும் இக்கற்களைக் கொண்டு 'கோண்வாலில் வீதி அமைக்கப்பட்டது' என்று கூறும் வாதம் வட்டத்திற் சுற்றுவது: வீதிக்குச் சான்று கல், கல்லுக்குப் பொருள் தருவது வீதி. கற்களிற் படிக்கக்கூடியதாக எஞ்சியிருப்பது பேரரசர் பெயர்களே. லான்வைர்வெக்கன் கல்லின் மேற்பகுதி மட்டும் பெயர்ந்து வந்து தனியே நிற்பது போல அவை நிற்கின்றன.

இத்தகைய மறுவாசிப்பு பிரித்தானியாவிற் தொடங்கியதன்று. யூதேயா மாகாணத்துக் கற்களை ஆராய்ந்த பெஞ்சமின் ஐசாக் 1978ஆம் ஆண்டிலேயே கற்களின் காலப்பரம்பலைக் கூர்ந்து நோக்கினார். அங்கு 162ஆம் ஆண்டுக்குரிய கற்கள் பல வீதிகளிலும் திரளாக உள்ளன; ஒரே ஆண்டில் ஒரு மாகாணத்து வீதிகளெல்லாம் பழுதடைந்து திருத்தப்பட்டன எனக் கொள்வதற்கில்லை. புதிய பேரரசர் இருவர் பதவியேற்றதும் பார்த்தியப் போர் மூண்டதுமான சூழலிலே அக்கற்கள் பொருள் பெறுகின்றன. பின்னர் 2002ஆம் ஆண்டில் கிறிஸ்தியான் விற்செல் என்பார், மைல்கல் வரலாற்றுச் சான்றாகுமா என்ற வினாவையே தம் கட்டுரையின் தலைப்பாக்கி, வட இத்தாலியக் கற்களைக் கொண்டு அதனை ஆராய்ந்தார். ஆயினும் பிரித்தானிய உள்ளூர் வரலாற்று நூல்களிலும் அரும்பொருட்சாலை விளக்கங்களிலும் 'இன்னான் காலத்திற் திருத்தப்பட்டது' என்ற தொடர் இன்னும் மறையவில்லை.

எனினும் எதிர்த் திசையில் மிகையாகச் செல்லுதலும் தவறே. மைல்கற்கள் யாவும் வெறும் முகமன் எனத் தள்ளிவிடும் போக்கு அண்மைக் காலத்திற் சிலரிடம் காணப்படுகிறது. 223ஆம் ஆண்டுக்குரிய வடபுலக் கற்களில் ஆளுநன் கிளோடியஸ் செனெபொனின் பெயர் உள்ளது. அவன் கீழ்ப் பிரித்தானியாவின் படைத்தலைமையையும் கொண்டவன். மதிலையொட்டிய வீதியிலே அவன் பெயர் காணப்படுமாயின் அங்கு உண்மையான வேலை நடந்திருக்கலாம் என்பதை மறுப்பதற்கு நியாயமில்லை. கார்வெற்றியர் கல்லின் பத்தொன்பது மைல் இன்றும் கார்லைலிலிருந்து அளந்தாற் பெரிதும் பிழைபடுவதன்று. பக்ஸ்ரனில் 1862இற் கிடைத்த கல்லோ வேறொரு பாடம் புகட்டுவது. அதன் மேற்பகுதி உடைந்து பேரரசன் பெயர் முற்றாக மறைந்துவிட்டது. நாவியோவிலிருந்து பதினொரு மைல் என்ற அடிவரி மட்டும் நன்கு நிலைத்துள்ளது. புரோ என்னுமிடத்துக் கோட்டையின் பழம்பெயர் நாவியோ என்பதை நிறுவ உதவியது அவ்வரியே. பேரரசனை இழந்த பின்னும் அக்கல் மைல்கல்லாகவே உள்ளது. ஊரை இழந்த கோண்வால் கற்களைப் பற்றி அவ்வாறு கூற இயலுமா?

கார்லைலுக்குத் தெற்கே பெற்றெரில் ஆற்றுப் படுகையில் 1894இற் கண்டெடுக்கப்பட்ட கல்லைப் பற்றி இங்கு சற்று விரித்துரைத்தல் தகும். அதன் ஒரு முனையிற் கரௌசியஸின் பெயரும் 'வெல்லப்படாத' என்ற அடைமொழியும் உள. கப்பற்படைத் தலைவனாயிருந்து 286இற் பிரித்தானியாவைத் தனியரசாக்கி, 293இல் தன் அதிகாரி ஒருவனாற் கொலையுண்டவன் அவன். நாணயங்கள் அவனுக்கு ஏராளம். பிரித்தானியாவிற் கல்லிலே அவன் பெயர் கிடைத்திருப்பது இவ்விடத்து மட்டுமே. 'மௌஸ்' எனச் சுருக்கிய அவனது குடும்பப் பெயரை அறிய இக்கல் உதவியது. இதன் மறுமுனையிலே தலைகீழாக இன்னொரு கல்வெட்டு: மேன்மைமிகு சீசராகிய கொன்ஸ்தந்தைன். அவன் யோர்க்கிலே படையினராற் பேரரசனாக்கப்பட்டு, சீசர் பட்டத்துடன் அமைந்திருந்த 306, 307ஆம் ஆண்டுகளுக்கு உரியது அது.

பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் நிகழ்ந்தது இது. கரௌசியஸ் கலகக்காரனெனத் தீர்க்கப்பட்டுவிட்டான். 296இல் நாட்டை மீட்டவன் கொன்ஸ்தந்தைனின் தந்தை கொன்ஸ்தந்தியஸ். கலகக்காரன் பெயர் வீதியில் நிற்றலாகாது. அதனை உளிகொண்டு அழிக்கும் வழக்கம் உரோமரிடையே இருந்தது. இவ்வூராரோ கல்லைப் பிடுங்கித் தலைகீழாக நட்டுவிட்டனர். 'வெல்லப்படாதோன்' மண்ணுக்குள் மறைந்தான். மேலே வந்த வெற்று முனையிற் புதியவன் பெயர் வெட்டப்பட்டது. மண்ணுக்குள் இருந்தமையாலேயே கரௌசியஸின் எழுத்துக்கள் மழையிலும் பனியிலும் தேயாது நமக்குக் கிடைத்தன. இதனை அரசியற் கண்டனம் எனக் கொள்வதா, சிக்கனம் எனக் கொள்வதா? புதிய கல்லை வெட்டி, ஏற்றி, இழுத்து வரும் செலவும் உழைப்பும் யாருடையவை என எண்ணினாற் சிக்கனம் என்ற விடையே நெருங்கி வருகிறது. இருமுனையிலும் தொலைவு குறிக்கப்படவில்லை. எண்ணிக்கை இப்பொழுது பூச்சியம்.

அவ்வுழைப்பைப் பற்றி எந்தக் கல்லும் வாய்திறப்பதில்லை. செட்ஜ்லி என்பார் 1975ஆம் ஆண்டிற் பிரித்தானிய மைல்கற்களின் கல்லினத்தை ஆராய்ந்து, பெரும்பாலானவை அண்மைப் பகுதிகளிற் கிடைக்கும் கல்லே என்று காட்டினார். தொலைவிலிருந்து அரசு அனுப்பிய கற்களல்ல அவை. அவ்வவ்வூர்க் கற்சுரங்கமும் அவ்வவ்வூர் எருதும் வண்டியும் கல்தச்சனும் சேர்ந்து உண்டாக்கியவை. 438ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட தியோடோசியச் சட்டத் தொகுப்பில், வீதி, பால வேலைகளிலிருந்து எவருக்கும் விலக்கில்லை என்னும் கருத்துடைய ஆணைகள் காணப்படுவது, அச்சுமை எவ்வளவு வெறுக்கப்பட்டது என்பதையும் உணர்த்தும். விலக்குக் கேட்போர் இல்லாவிடின் விலக்கை மறுக்கும் ஆணை வேண்டியதில்லை. நுமேரியான் பெயரைப் பிழையாக வெட்டிய கென்செஸ்ரர் கல்தச்சன் அச்சுமையின் கீழ் நின்றவன். அவனுக்குப் பேரரசன் ஒரு பெயர். அதுவும் செவிவழி வந்த பெயர்.

எழுத்தே இல்லாத கற்களையும் மறத்தலாகாது. விண்டொலாண்டாக் கோட்டையருகே ஸ்ரேன்கேற் வீதியோரத்தில் ஒரு முழுக்கல் உரோமர் நட்ட இடத்திலேயே இன்றும் நிற்கிறது. அதில் எழுத்து எதுவும் தெரிவதில்லை. இத்தகைய கற்களில் ஒருகால் வண்ணத்தால் எழுதியிருக்கலாம் என்பர். அவ்வாறாயின் ஆட்சி மாறுந்தோறும் கழுவி எழுதுவது கல்லைத் திருப்பி நடுவதினும் எளிது.

லூன் ஆற்றுப் பள்ளத்தாக்கிலே மிடில்ரன் என்னும் ஊரில் 1836ஆம் ஆண்டு நிலத்திலிருந்து எடுக்கப்பட்ட கல், நாம் இதுவரை கண்டவற்றுக்கெல்லாம் மறுதலையானது. அதில் உரோமர் வெட்டியது 'மைல் 53' என்பது மட்டுமே. பேரரசன் இல்லை, பட்டம் இல்லை, வேற்றுமை உருபுக்கு இடமே இல்லை. எங்கிருந்து என்றுகூடக் கூறப்படவில்லை. வடக்கே கார்லைல் வரை அளந்து பார்த்தே இவ்வெண் அந்நகரிலிருந்து கணிக்கப்பட்டதென அறிந்தனர். வழிப்போக்கனுக்கு வேண்டியதை மட்டும் கூறி நிற்கும் இக்கல்லை ஆய்வாளர் பலர் ஆண்டு கணிக்க உதவாததென ஒதுக்கியுள்ளனர். கல்லை மீண்டும் நிறுத்திய வில்லியம் மூர் அதன் வெற்றிடத்தை அவ்வாறே விட்டுவிடவில்லை. உரோம எண்ணுக்குக் கீழே, தாமும் இலத்தீனிலே, நிலத்திலிருந்து தோண்டி எடுக்கப்பட்ட இதனை வில்லியம் மூர் மீள நிறுத்தினார் என ஆண்டுடன் வெட்டுவித்தார். பெயர் எழுவாயாக நிற்கிறது; வினைமுற்றும் உண்டு.